மூன்றாவது பேனலுக்கும் நான்காவதுக்கும் நடுவில்

அலுவலகத்தில் அவளுக்கு ஃபியூஸ் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவள் ஒன்றும் செவிடில்லை. சட்டென்று எரிந்துபோவாள், எரிந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க யாராலும் பேச்சுக் கொடுக்க முடியாது, அதனால் அந்தப் பெயர். சோலார் கருவிகளைப் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் வெளியே போய் வேலை செய்கிறவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் ஆண்கள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிய புகார்கள் எல்லாம் கடைசியில் அவள் மேஜைக்கு வரும். அதைத் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள். மேலாளரின் எண்ணம் வேறு. கத்துகிற வாடிக்கையாளரிடம் பதிலுக்குக் கத்தத் தெரிந்த ஆளை அனுப்பிவிட்டால் இரண்டு சத்தமும் தன் காதில் விழாது என்பது அவர் எண்ணம்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். முன்பு அவளும் அவள் அண்ணனும் சேர்ந்துதான் தொழில் நடத்தினார்கள். ஒன்பது வருடம், ஒரே வேனில், ஒரே ஏணியைத் தூக்கிக்கொண்டு, வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்தினார்கள். அண்ணன் ஆட்களிடம் பேசுவான், அவள் மீட்டரிடம் பேசுவாள் என்று அண்ணி கேலி செய்வாள்.

அது முறிந்தது ஒரு பள்ளிக்கூடத்து மாடியில். கேபிள்களை இணைக்கிற கனெக்டர் ஒன்று உருகித் தீப்பிடித்தது. விடுமுறை நாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கம்பெனியின் முனையை இன்னொரு கம்பெனியின் முனையோடு வைத்து அழுத்தினால் பார்வைக்குப் பொருந்திவிடும். உள்ளே மயிரிழை இடைவெளி இருக்கும், நாளாக நாளாகச் சூடாகும். கையிருப்பு தீர்ந்துபோனதால் அண்ணன்தான் அப்படி அழுத்தி வேலையை முடித்திருந்தான். விசாரிக்க வந்த தலைமையாசிரியரிடம், தங்கையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொன்னான்: "அந்த இணைப்பெல்லாம் இவ போட்டது சார். பொம்பளை கை, அழுத்தம் பத்தல."

அவள் ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் படி இறங்கினாள். ஆறு வருடம் ஆகிவிட்டது. அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அவன் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் அவள் அம்மாவைப் பார்க்கப் போவாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தந்திக் கம்பமா நிக்கிறேன்" என்று அண்ணி அலுத்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் ஒரு புகார்த்தாளை அவள் முன்னால் வைத்தார். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையம். மாடியில் பதினாறு பேனல். கீழே இன்வெர்ட்டர், அதாவது பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அது தினமும் காலையில் 'இன்சுலேஷன் குறைவு' என்று சிவப்பு விளக்கு காட்டி, ஓயாமல் கூவிவிட்டு, பத்து மணிக்குமேல் தானாகவே அடங்கிவிடுகிறது. மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டார்கள். மூவரும் ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டு வந்திருந்தார்கள்.

தாளின் கடைசிக் கட்டத்தில் 'பேனல் பொருத்தியவர்' என்ற இடத்தில் அண்ணனுடைய கடையின் பெயர் இருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மீட்டர் பையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டாள். மறுநாள் விடியலில் போயிருக்க வேண்டிய வேலை அது. காலையில் வருகிற கோளாறைக் காலையில்தான் பிடிக்க முடியும். அது அவளுக்குத் தெரியாதது இல்லை.

சலவை நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. கீழ்த்தளத்தில் பெரிய பெரிய இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. சோடா வாடையும் சூடான துணியின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. இஸ்திரி போடும் அறையின் சுவரில் இன்வெர்ட்டர் தொங்கியது. அதன் ஒலிபெருக்கித் துளையில் யாரோ ஒரு துணிப்பந்தைத் திணித்து, மேலே டேப் ஒட்டியிருந்தார்கள்.

"நீங்க நாலாவது ஆள்" என்றார் முதலாளி. உட்காரச் சொல்லவில்லை. "முதல்ல மூணு ஆம்பளைங்க வந்தாங்க. இப்போ உங்களை அனுப்பியிருக்காங்க. அடுத்து யாரு, பூசாரியா?"

"இந்தத் துணியைத் திணிச்சது யாரு?"

"நான்தான். காலங்காத்தால காது கிழியுது."

"பெட்டி எதையோ சொல்லுது. நீங்க அதோட வாயில துணியைத் திணிச்சிருக்கீங்க."

"எனக்குப் பாடம் நடத்த வேணாம். சத்தம் நிக்கணும். அவ்வளவுதான்."

அவள் துணியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு மாடிக்குப் போனாள்.

மாடியில் பாதிக்குமேல் பேனல்கள். மீதி இடத்திலும், பேனல் வரிசையின் உயர்ந்த பக்கத்துக்கு அடியிலும்கூட, கம்பிக்கொடி கட்டி வெள்ளை விரிப்புகள் தொங்கின. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஈரத் துணிக்கூடையைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். துணி காயப்போடுவது அவள் வேலை. வருடக் கணக்கில் மாடியிலேயே இருந்ததால் எல்லோருக்கும் அவள் மாடியம்மா.

"வந்துட்டாங்க பொத்தான் அமுக்குறவங்க" என்று மாடியம்மா விரிப்பைப் பார்த்துச் சொன்னாள்.

ஃபியூஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பேனல் வரிசையின் முனைக்கு நேராகப் போய்க் குனிந்தாள். அண்ணனின் கை அவளுக்குத் தெரியும். எங்கே அவசரப்படுவான், எதை மறைத்து வைப்பான், எல்லாம் தெரியும். வரிசையின் கடைசியில், மூடிபோட்ட குழாய்க்குள் கேபிள் இறங்கும் இடத்தில் பார்த்தாள். இரண்டு கனெக்டர்கள். ஒரு முனை ஒரு கம்பெனி, மறுமுனை இன்னொரு கம்பெனி.

அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. சந்தோஷம் என்பதைவிடப் பசி ஆறினது போல என்று சொல்லலாம். ஆறு வருடப் பசி.

"இந்தாம்மா" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. "அங்க என்னத்தைப் பார்க்கிற? காலையில இந்தக் கம்பி..."

"அம்மா, நான் வேலை பார்க்கிறப்போ குறுக்க பேசாதீங்க. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி" என்று மாடியம்மா கூடையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஃபியூஸ் கனெக்டர்களைப் படம் எடுத்தாள். பக்கத்திலிருந்து, மேலிருந்து, அளவுகோலை வைத்து. வெட்டி எடுத்துச் சரியான ஜோடி போட்டாள். மெகர் கருவியை மாட்டி, கேபிளிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று அளந்தாள். கசியவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, மாடி காய்ந்து கிடந்தது, கசியாது. வாளித் தண்ணீர் எடுத்துத் தெளித்துவிட்டு அளந்திருக்க வேண்டும். வாளி நாலடி தூரத்தில் இருந்தது.

அறிக்கையில் எழுதினாள்: 'காரணம்: பொருத்தியவரின் தவறான கனெக்டர். சரிசெய்யப்பட்டது.'

முதலாளி அதைப் படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "அந்த ஃப்ராடு வேலையா? எனக்கு அப்பவே தெரியும். குடுங்க, இதை வச்சே அவனை நாறடிக்கிறேன்."

"நல்லா நாறடிங்க" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஆறு வருடத்தில் முதல் தடவை. 'எப்படி இருக்கே' என்றெல்லாம் எதுவும் இல்லை.

"அந்த ஆள் அனுப்பின அறிக்கையில உன் கையெழுத்தைப் பார்த்தேன். நீயாதான் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனியா இந்த வேலைக்கு?"

"புகார் வந்துச்சு, போனேன். கனெக்டர் உன்னோடது."

"கனெக்டர் என்னோடதுதான். ஆனா அந்த அலாரம் அதனால வரல. அது மூடிக்கு அடியில இருக்கு, தண்ணி படாது. உனக்கே தெரியும்."

"எனக்குப் பொம்பளை மூளை. அதெல்லாம் தெரியாது."

"நீ இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தே" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு மறந்துபோனாள். பாத்திரம் அடிப்பிடித்து நாறிய பிறகுதான் எழுந்தாள். அவன் சொன்னதில் கடைசி வாக்கியம் அவளைக் குத்தவில்லை. அதற்கு முன்னால் சொன்னதுதான் குத்தியது. தண்ணி படாது.

எட்டாம் நாள் முதலாளி அவளையே நேராகக் கூப்பிட்டார்.

"சரிபண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே, வந்து கேளுங்க, இப்பவும் கூவுது! அது போதாதுன்னு துணி காயப்போடுறவ வேற மாடியில விழுந்து கையை உடைச்சுக்கிட்டா. என் நேரம்."

"எப்படி விழுந்தாங்க?"

"வழுக்கி விழுந்தா. கம்பி ஷாக் அடிச்சுதுன்னு கதை விடுறா. எட்டு மாசமா இதே நடிப்புதான்."

அவள் கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கம்பி. 'காலையில இந்தக் கம்பி' என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தாள். மிச்சத்தைச் சொல்லவிடாமல் வாயை அடைத்தது யார்?

"ஹலோ? இருக்கீங்களா?"

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வரேன். அதுவரைக்கும் மாடிக்கு யாரையும் ஏத்தாதீங்க. யாரையும்னா யாரையும்."

"என் மாடிக்கு யார் ஏறணும்னு நீங்க சொல்றீங்களா?"

"ஆமா" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் போனபோது வாசலில் அண்ணனின் வேன் நின்றது. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தித் திட்டினால்தான் தன் ஆத்திரம் அடங்கும் என்று முதலாளி அவனையும் வரச் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அவன் அவளைப் பார்த்தான், அவள் படியைப் பார்த்தாள். மூவரும் வரிசையாக மாடி ஏறினார்கள். கீழேயிருந்து இன்வெர்ட்டரின் கூவல் மட்டும் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

மாடியெங்கும் பனி இறங்கி ஈரமாக இருந்தது. நேற்று எடுக்காமல் விட்ட விரிப்புகள் நனைந்து கனத்துத் தொங்கின. ஓரத்தில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றிச் சிதறிய துணியை யாரும் எடுக்கவில்லை.

அவள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டாள். கீழே போய் இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு வந்து, மாடியிலிருந்த பெட்டியில் பதினாறு பேனலும் வந்து சேரும் இரண்டு கேபிள்களையும் பிரித்தாள். கோளாறு இல்லாத கேபிளில் ஒரு முனையையும் எர்த் கம்பியையும் மீட்டரால் தொட்டால், எண் கொஞ்சம் ஆடிவிட்டுப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். எங்காவது கசிந்தால் இறங்காது, அப்படியே நிற்கும். அந்த எண்ணே எங்கே கசிகிறது என்பதையும் சொல்லும்.

பிளஸ் பக்கம் தொட்டாள். நூற்று இருபது. நின்றது.

மைனஸ் பக்கம் தொட்டாள். ஐந்நூற்று இருபது. நின்றது.

"ரெண்டும் சேர்த்து அறுநூத்தி நாப்பது" என்றாள், யாரிடமும் இல்லாமல். "பதினாறு பேனல். ஒண்ணுக்கு நாப்பது. நூத்தி இருபதுன்னா மூணு."

"மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல" என்றான் அண்ணன். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றிருந்தான். "நீ கனெக்டர் மாத்தினது பதினாறாவதுல."

அவள் பிளஸ் முனையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தாள். மூன்றாவது பேனலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து டார்ச்சை அடியில் அடித்தாள்.

பேனலுக்கு அடியில் கம்பிக்கொடி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கேபிள் சட்டத்தோடு ஒட்டிப் போகாமல், தொட்டில் மாதிரி தொய்ந்து அந்தக் கம்பியின்மேல் கிடந்தது. ஈரத்துணியின் பாரத்தில் கம்பி ஆடி ஆடி, கேபிளின் கறுப்புத் தோலை அறுத்திருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. கம்பியின் இரு நுனிகளும் கைப்பிடிச் சுவரில் பதித்த இரும்புக் குழாயில் கட்டியிருந்தன. காய்ந்த சுவர் மின்சாரத்தைக் கடத்தாது. பனியிலும் ஈரத்துணியிலும் சுவர் நனைந்தால் கடத்தும். பத்து மணிக்கு அலாரம் அடங்கியதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை, சுவர் காய்ந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அலாரம் அடங்கியபின் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும். அதன்பிறகு அந்தக் கொடிக்கம்பியில் உயிரைக் குடிக்கிற அளவுக்கு மின்சாரம் இருக்கும். ஈரக்கையோடு அதை ஒவ்வொரு நாளும் தொட்டது ஒரே ஒருத்தி.

அண்ணனும் வந்து குனிந்தான். அவன் பார்த்தது வேறு ஒன்றை. சட்டத்தில் கேபிளைப் பிடித்திருக்க வேண்டிய எஃகுக் கிளிப்புகள் இரண்டும் வெட்டப்பட்டு, பாதிப் பல்லாக நின்றன.

"இதை யாரு வெட்டினது?"

முதலாளி கிளிப்பை எட்டிப் பார்த்தார். "துணி மாட்டிக் கிழியுதுன்னு நான்தான் வெட்டச் சொன்னேன். ஒரு கிளிப்புக்கு இவ்வளவு அலப்பறையா?"

"பேனலுக்கு அடியில கொடி கட்டாதீங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?" அண்ணன் கைப்பேசியை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, ஒரு பழைய செய்தியைக் காட்டினான். "இதோ, தேதியோட இருக்கு. 'கேபிள் அறுந்துடும், ஆள் செத்துடுவாங்க'ன்னு எழுதியிருக்கேன். நீங்க கும்பிடு பொம்மை ஒண்ணைப் பதிலா அனுப்பியிருக்கீங்க."

"இடம் பூரா உன் பேனல் அடைச்சுக்கிச்சு. துணியை என் தலையிலயா காயப்போடுறது?" முதலாளியின் குரல் ஏறியது. "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துக்கிட்டு நாடகம் போடுறீங்களா? அந்த அம்மா வழுக்கித்தான் விழுந்தா. ஷாக்காம் ஷாக்கு. நடிப்பு."

ஃபியூஸ் எழுந்தாள். கேபிள்களை மறுபடி மாட்டி, இன்வெர்ட்டரைக் கீழே போய் ஓடவிட்டு வந்தாள். சுவரில் வெயில் ஏறும்வரை மூவரும் காத்திருந்தார்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூவல் அடங்கி இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் அவள் கொடிக்கம்பியிலும் எர்த்திலும் மீட்டரை வைத்தாள். நூற்று அறுபது காட்டியது. மீட்டரை முதலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நடிப்புன்னா தொட்டுப் பாருங்க சார்."

அவர் அசையவில்லை.

"கையை அந்த வாளியில நனைச்சுக்கிட்டுத் தொடுங்க. அந்த அம்மா அப்படித்தான் தொட்டாங்க, எட்டு மாசம்."

"ஏய், விளையாடாதே" என்றான் அண்ணன் தாழ்ந்த குரலில்.

முதலாளி கை நீட்டியிருந்தால் தட்டிவிட அவள் தயாராகத்தான் நின்றாள். அதற்கு அவசியம் வரவில்லை. அவர் இரண்டு அடி பின்னால் போனார். பின்னால் தொங்கிய ஈர விரிப்பு முதுகில் பட்டதும் துள்ளிக்கொண்டு விலகினார். அது வேறு கொடி, அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

அவள் இன்வெர்ட்டரை நிறுத்தினாள், கேபிள்களைப் பிரித்தாள், எல்லாவற்றையும் படம் எடுத்தாள். பிறகு கட்டிங் பிளேயரால் கொடியை நறுக்கினாள். கம்பி 'டங்'கென்று தெறித்தது. ஏழெட்டு விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் சரிந்தன.

"அது என்னோட கொடி! என்னோட துணி!"

"இது உங்களுக்கு எதிரான சாட்சி" என்று சொல்லி, செம்பு தேய்ந்து ஒட்டியிருந்த துண்டைப் பையில் போட்டாள். கேபிளைப் புதிதாக மாற்றும்வரை யாரும் ஓடவிடாதபடி பெட்டிக்குப் பூட்டும் போட்டாள்.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். அந்த மாடியில் அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.

"போன தடவை நான் எழுதினது தப்பு."

"சரியா கேக்கல" என்றான் அவன். "அவருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அவளுக்குக் காது மடல் எரிந்தது. "போன தடவை நான் எழுதினது தப்பு! கனெக்டர் தப்பாத்தான் போட்டிருந்தே, அதை நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா அலாரத்துக்குக் காரணம் அது இல்ல. தண்ணி தெளிச்சுப் பார்க்காம உன் தலையில கட்டினேன். போதுமா?"

"போதாது" என்று சொல்லிவிட்டு அவன் படி இறங்கிப் போனான்.

அலுவலகத்தில் மேலாளர் புதிய அறிக்கையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், நனைந்த துணியைப் பிடிப்பது போல.

"முதல் அறிக்கை தப்புன்னு நீங்களே கைப்பட எழுதியிருக்கீங்க. எதுக்கு? 'நாள்பட்ட தேய்மானம்'னு எழுதிட்டா எல்லாருக்கும் நல்லது. அந்த முதலாளி ஏற்கெனவே உங்க மேல புகார் குடுத்திருக்கார், கொடியை வெட்டிட்டீங்கன்னு."

"வெட்டினேன்."

"கம்பெனி மானம்னு ஒண்ணு இருக்கு."

"தப்பா எழுதினது நான். கம்பெனி என்கூட மாடி ஏறல. உங்களுக்கு வேணும்னா நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க, சார்."

அவர் போடவில்லை. அந்த மாதம் முழுக்க அவளுக்கு வெளிவேலை கொடுக்காமல், புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதும் மேஜையில் உட்கார வைத்தார். பத்து ஆண்களும் மேஜையைக் கடக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

மாடியம்மாவின் வீடு, குறுகிய தெரு ஒன்றில் இரண்டாம் தளத்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் அவள் மகள். மருந்துக்கடையில் வேலை, சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"யாரு நீங்க?"

அவள் சொன்னாள்.

"ஓ. எங்க அம்மாவை வாயை மூடச் சொன்ன ஆளா?" மகள் கதவை அகலத் திறக்கவில்லை. "பழம் கொண்டு வந்திருக்கீங்களே, அதைப் போட்டு ஒட்டினா எலும்பு கூடிடுமா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருடி அது? பொத்தானா? நிக்கட்டும், நானே வரேன்."

மாடியம்மா வாசலுக்கு வந்தாள். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. முகத்தில் கொஞ்சம்கூட இளக்கம் இல்லை.

"அம்மா, அன்னைக்கு நீங்க சொல்ல வந்தப்போ..."

"குறுக்க பேசாதே" என்றாள் மாடியம்மா. "நான் பேசுறேன். மூணு பேர்கிட்ட சொன்னேன், மூணு பேரும் சிரிச்சானுங்க. நீ பொம்பளை ஆச்சே, கேப்பேன்னு நினைச்சேன். நீ அவனுங்களைவிட மோசம். அவனுங்க சிரிச்சுக்கிட்டாவது கேட்டானுங்க."

ஃபியூஸ் நின்றாள். வாய்வரை வந்த சமாதானங்கள் எல்லாம் அங்கே நின்றபோது அவளுக்கே அசிங்கமாகப் பட்டன.

"மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கேக்காதே, எனக்கு அதைவச்சு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. வழுக்கி விழுந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி அந்த ஆள் ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டான். தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

"உன் தப்பையும் சேர்த்துச் சொல்லணும். இல்லேன்னா அவன் வக்கீல் உன்னைத் தோண்டி எடுத்துடுவான்."

"சேர்த்தே சொல்றேன்."

"பழத்தைக் குடுத்துட்டுப் போ" என்றாள் மாடியம்மா. மகள் அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

விசாரணை ஏழு வாரம் கழித்து வந்தது. மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றும் நீள அறை. சாட்சிகளுக்கு ஒரே ஒரு பெஞ்சு. ஒரு நுனியில் அண்ணன், தன் பழைய எச்சரிக்கைச் செய்தியை அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டு. மறுநுனியில் அவள். நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

அவள் இரண்டு அறிக்கைகளையும் வாசித்தாள். கம்பித் துண்டைக் காட்டினாள். மீட்டர் எண்களை விளக்கினாள். முதலாளியின் வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"முதல் தடவை 'சரிசெய்யப்பட்டது'ன்னு தப்பா எழுதினவங்க நீங்க. ரெண்டாவது தடவை மட்டும் சரியா எழுதியிருப்பீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?"

அவள் பெஞ்சின் மறுநுனியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

"முதல் தடவை மாடிக்குப் போறதுக்கு முன்னாடியே குற்றவாளியை முடிவு பண்ணிட்டுப் போனேன். எனக்கும் அவருக்கும் ஒரு பழைய பகை. அதனால எது கண்ணுல பட்டுச்சோ அதையே காரணம்னு எழுதினேன். இந்த அம்மா சொல்ல வந்ததைக் கேக்கல. கேட்டிருந்தா அவங்க கை உடைஞ்சிருக்காது. ரெண்டாவது தடவை மீட்டர் காட்டினதை மட்டும் எழுதினேன். என்னை நம்ப வேணாம். மீட்டரை எடுத்துக்கிட்டு நீங்களே போய் அளந்து பாருங்க."

அதிகாரி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். மாடியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

தீர்ப்பு அன்றே வந்துவிடவில்லை. இன்னும் இரண்டு வாய்தா ஆனது. கடைசியில் விபத்து வேலையிடத்தில் நடந்தது என்றும், பொறுப்பு முதலாளியுடையது என்றும் எழுதினார்கள். சிகிச்சைச் செலவும் சம்பளமும் அவர் தலையில் விழுந்தன. பேனலுக்கு அடியிலிருந்த கொடிகள் எல்லாம் போயின. மாடியம்மாவின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையால் ஈர விரிப்பைப் பிழிய முடியவில்லை. கீழே துணி மடிக்கிற மேஜைக்கு அவளை மாற்றச் சொன்னார்கள். அங்கே அவள் மூன்று மாதம் இருந்தாள், பிறகு முதலாளியின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் தானாகவே நின்றுவிட்டாள்.

ஃபியூஸ் சாட்சி சொன்ன அன்று, விசாரணை முடிந்து வராந்தாவுக்கு வந்தபோது, அண்ணன் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு தூணோரம் நின்றிருந்தான். பள்ளிக்கூடத்து மாடியைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று அவள் நின்றாள். அவள் தன் பங்கை ஊர் கேட்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது அவன் முறை என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் தொண்டையைச் செருமினான். "அம்மாவுக்கு வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட போகணும். எனக்கு வேலை இருக்கு."

அவ்வளவுதான். அவளுக்குச் சுறுசுறுவென்று ஏறியது. அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"அண்ணியைக் கேளு." அவன் வேனில் ஏறி, அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்றுகூடக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே அண்ணியைக் கூப்பிட்டாள்.

"பத்து மணிக்கு" என்றாள் அண்ணி. "சீக்கிரமே வந்துடு, அம்மா புடவை கட்ட ஒரு மணி நேரம் ஆக்குவாங்க. ஆமா, அவருக்கு வேலை இருக்குன்னா சொன்னாரு? வியாழக்கிழமை அவருக்கு ஒரு வேலையும் இல்ல. வீட்டுலதான் இருப்பாரு."

பேருந்து வந்து நின்றது. நல்ல கூட்டம்.

"இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் ஏறினாள்.